ரேடியேட்டரில் போட்ட மஞ்சள்

எனக்குக் குளிர் ஆகாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஏற்காட்டு மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை என்றார்கள். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைத்துக்கொண்டு நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டேன். காலையில் வேலைக்கு வந்த ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறவருக்குத்தான் எஸ்டேட்டில் அந்தப் பெயர் என்பது தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு தலையை எந்தப் பக்கம் ஆட்டி என்ன?

நான் பிறந்தது பவானிப் பக்கம், மஞ்சள் விளைகிற ஊர். அங்கே மார்கழியில்கூட மத்தியானம் விசிறி தேடுவோம். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்தைக் காட்டி ஏற்காடு எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வாங்கினேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் கேட்டுத்தான் பேச வேண்டும். முன்னால் பலகை, பலகை நிறைய ஓட்டைகள், கையில் கயிறு கயிறாக ஒயர்கள். ஒரு ஒயரை ஒரு ஓட்டையில் செருகினால் மலைக்குக் கீழே சேலம் பேசும்.

வீடு நாகலூரில், எஸ்டேட் குடியிருப்பில். காலை ட்யூட்டி ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்கு நம்பி ஏற ஒரு பஸ் கிடையாது. எஸ்டேட்டில் முன்பு இருந்த மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய காரை என் வீட்டுக்காரருக்கு மலிவாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில்தான் தினமும் என்னைக் கொண்டுபோய் விடுவார். ஆறேழு கிலோமீட்டர் தூரம், பனி இருந்தால் அரை மணி நேரம். பனி இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்தக் காரில் ஹீட்டர் இருந்தது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஓடுகிற கார்களில் அதை யாரும் வைப்பதில்லை. மேனேஜர் எங்கிருந்தோ வரவழைத்துப் பூட்டிக்கொண்டாராம். என் கால்மாட்டில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ஒரு குமிழ். குமிழை இழுத்தால் என்ஜினில் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அந்தப் பெட்டிக்குள் ஓடி வரும். பெட்டிக்குள் இருக்கிற குட்டி விசிறி அந்தச் சூட்டைக் காலில் ஊதும். ஒரு சின்ன மூடியைத் திருப்பினால் முன்கண்ணாடியிலும் ஊதும், பனி படியாது. இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் என் கல்யாண வாழ்க்கையின் முதல் குளிர்காலத்தை அந்தப் பெட்டிதான் நடத்திக் கொடுத்தது.

விடிந்தும் விடியாத வெள்ளை. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு சில்வர் ஓக் மரமாக, மிளகுக்கொடியைச் சுற்றிக்கொண்டு, எங்களைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பிப் போகும். பாதத்தில் ஏறுகிற சூடு முழங்காலுக்கு வருவதற்குள் எனக்குப் பாதித் தூக்கம். கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியாது, இரண்டிலும் தெரிவது ஒரே வெள்ளைதான். அந்த அரைத்தூக்கத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பார். வீட்டில் சாப்பாடு பரிமாறும்போதுகூட வாயைத் திறக்காத மனிதர், காரில் ஏறி ஹீட்டரை இழுத்துவிட்டால் ஆளே வேறு. சின்ன வயதில் மாரமங்கலத்துக்கு நடந்து போனபோது பனியில் வழி தவறி, சுற்றிச் சுற்றி ஒரே பலாமரத்துக்குப் பத்து முறை வந்து சேர்ந்த கதையை அப்படித்தான் சொன்னார். நானும் என்னென்னவோ சொல்வேன். சொன்னதில் எவ்வளவு கனவு, எவ்வளவு நிஜம் என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை. எங்களுக்குக் கல்யாணம் நடந்தது பவானியில். நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனது அந்த அரை மணி நேரத்தில்தான்.

வினை அடுத்த கோடையில் வந்தது. அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சேலத்திலிருந்து மலையேறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டரில் பொட்டு ஓட்டை, அதன் வழியாகத் தண்ணீர் சொட்டி முக்கால்வாசி காலியாகியிருந்தது. மேலிருந்து இறங்கிய ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

“ஏனுங்க, மஞ்சப்பொடி ஏதாச்சும் இருக்குதுங்களா? ஒரு ஸ்பூன் போட்டுத் தண்ணி ஊத்துங்க. ஓட்டைய அடைச்சுக்கும். ஊடு போயிச் சேரலாமுங்க.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மலைப்பாதையில் எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்த வைத்தியமாம். மஞ்சள்பொடியா இல்லை எங்களிடம்? அம்மா இடித்துச் சலித்துக் கொடுத்த கால் கிலோப் பொட்டலம் என் மடியிலேயே இருந்தது. ஆவி அடங்கியதும் என் வீட்டுக்காரர் துணியைச் சுற்றி மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். “ஒரு ஸ்பூனுக்கு மேல போட்டுறாத, புள்ள” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஸ்பூனுக்கு நான் எங்கே போவது? கை மதிப்பில் கொஞ்சம் போட்டேன். போதாது என்று தோன்றியது. இவ்வளவு பெரிய வண்டிக்கு ஒரு ஸ்பூனா? மஞ்சள் விஷயத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் கை இறுகியதே கிடையாது. கல்யாணமானாலும் கொட்டுவோம், காயம் பட்டாலும் அப்புவோம். இன்னும் கொஞ்சம் போட்டேன். மீதியிருந்ததைப் பார்த்தேன். பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் காகிதத்தை சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

ஓட்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்கு மட்டுமில்லை, அந்தக் கோடை முழுக்க ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாகலூர் டீக்கடையில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க ஊட்டம்மா போட்ட மஞ்சளுங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வண்டிக்கே மஞ்சத்தண்ணி ஊற்றிவிட்டீர்களே, எப்போது வெட்டப் போகிறீர்கள் என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். எவ்வளவு போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்து முதல் குளிர் இறங்கிய காலையில் குமிழை இழுத்தேன். விசிறி ஓடியது, காற்று வந்தது, ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி. மறுநாளும் அதே. கண்ணாடியில் பனி ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஒரு கையால் துடைப்பேன். அவர் கழுத்தை வெளியே நீட்டி ரோட்டைத் தேடுவார். பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கி வைத்தால்தான் பனி கொஞ்சம் கலையும், இறக்கினால் காது மரத்துப்போகும். அந்த நிலையில் யார் பேசுவது? எனக்கு மூச்சு வேறு இழுக்க ஆரம்பித்தது. எக்ஸ்சேஞ்சில் ஒயரைப் பிடிக்க விரல் மடங்காது. அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லாமல் போய் இறங்குவேன். கதவைச் சாத்துகிற சத்தத்தில் என் கோபம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் சும்மா இருக்கவில்லை. வண்டி கொதிக்கிறது என்று சேலத்தில் ஒரு மெக்கானிக் கோடையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தது தெரியவந்தது. தண்ணீர் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் நிறுத்தி வைக்கிற சின்னக் கதவு அது. கீழ்நாட்டுக்கு அது இல்லாவிட்டால் பரவாயில்லை, மலைக்குளிருக்கு இல்லாமல் முடியாது. சேலம் வரை போய்ப் புதிதாக வாங்கிப் போட்டார். சூடு வரவில்லை. குமிழிலிருந்து போகிற கம்பியைச் சரிபார்த்தார், தண்ணீரைத் திறந்துவிடுகிற குழாயைப் பிரித்துப் பூட்டினார். சூடு வரவில்லை. குளிர்க்காற்று படாமலிருக்க ரேடியேட்டருக்கு முன்னால் பாதி அளவுக்குச் சாக்குப்பையைக் கட்டித் தொங்கவிட்டார். என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறியது, என் பாதம் ஜில்லென்றே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் கிடப்பார், வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். அந்தக் கால்களிடம்தான் நான் சண்டை போட்டேன்.

“பொங்கலுக்குள்ள இது சூடாவோணுமுங்க. இல்லீன்னா நான் சேலத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிருவேன்.”

வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேனரைக் கேட்டு ஒரு கை மட்டும் நீண்டது.

வெறும் வாய்ப்பேச்சு என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வழி இருந்தது. சேலம் எக்ஸ்சேஞ்சில் காலை ட்யூட்டியில் ஒரு பெண் உட்காருவாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. முகமே இல்லாத குரல். அழைப்பு இல்லாத இடைவெளியில் இரண்டு பேரும் பேசிக்கொள்வோம். அவள் வீடு ஓட்டுவீடு, பக்கத்திலேயே ஏதோ பட்டறை, கோடையில் ராத்திரி எல்லாம் தூக்கம் கிடையாதாம், உடம்பு முழுக்க வேர்க்குருவாம். “அங்க இப்ப பனி எறங்குதுங்களா அக்கா? கொஞ்சம் சொல்லுங்களேன், கேக்கறேன்” என்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, ஏரி தெரியவில்லை, போஸ்ட் கம்பம் பாதிதான் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

மியூச்சுவல் என்று ஒன்று உண்டு. இரண்டு ஊர் ஆட்கள் ஒருவர் இடத்துக்கு ஒருவர் போகச் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் சுலபமாக மாற்றல் கிடைக்கும். அவள்தான் கேட்டாள். “எனக்கு வெக்கை ஆகலீங்க, உங்களுக்குக் குளுரு ஆகலீங்க. மாத்திக்கலாமுங்களா அக்கா?” முதலில் சிரித்தேன். பொங்கல் போனது. ஹீட்டர் அப்படியே கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மூச்சு இழுக்க இழுக்க, அந்த மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ததில் ஒரு திருப்திகூட இருந்தது, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வார சனிக்கிழமை, எக்ஸ்சேஞ்சுக்கு இன்னும் ஒரு திருப்பம் இருக்கும்போது வண்டி கொதித்து நின்றது. பல் கிட்டுகிற குளிரில் முன்னால் ஆவி புகைகிறது. பனியோடு பனியாக அந்த ஆவி கலந்து, எது எது என்று தெரியவில்லை. வேறு நேரமாக இருந்தால் அழகு என்றிருப்பேன். “மேல கொதிக்குது, கீழ ஒறையுது. என்ன வண்டிங்க இது?” என்று கத்திவிட்டு இறங்கி நடந்தேன். ட்யூட்டி முடிந்ததும் நானே நேராக ஏரிப்பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருந்த பாயிடம் போனேன். இத்தனை நாளாக என் வீட்டுக்காரர் அவரிடம் மட்டும் வண்டியைக் காட்டவில்லை. சேலம் வரை போனவர், பக்கத்திலிருக்கிற பாயிடம் ஏன் போகவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

பாயின் ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், என் வீட்டுக்காரரும் கூடவே வந்து நின்றார். பாய் எந்தக் கருவியும் எடுக்கவில்லை. வண்டியை ஓடவிட்டு, என்ஜினிலிருந்து ஹீட்டர் பெட்டிக்குப் போய் வருகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் கைக்கு ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

“போற பைப்பு சுடுதுங்க. வர்ற பைப்பு ஜில்லுன்னு கெடக்குது. நடுவுல அடைச்சிருக்குது, அவ்வளவுதானுங்க.”

குழாய்களைக் கழற்றினார். தண்ணீர் வெளியே வருகிற வாயில் தோட்டத்துக் குழாயைச் செருகி, எதிர்த்திசையில் தண்ணீரை அடித்தார். முதலில் துருநிறத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. பிறகு பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. அதன் பின்னால் பளிச்சென்று மஞ்சள் கூழ், வந்துகொண்டே இருந்தது. ஒர்க்ஷாப் முழுக்க என் அம்மா வீட்டு வாசனை. எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏனுங்க ரைட்டரே, ஒரு சிட்டிக போட்டா ஓட்டைய அடைக்கும். நீங்க கொழம்பே வெச்சிருக்கறீங்க! ஹீட்டரு கொழாயெல்லாம் நூலாட்டமா இருக்குமுங்க, மொதல்ல அதுதான் அடையும். யாருங்க இப்புடிக் கொட்டுனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார். “நாந்தானுங்க பாய். அவசரத்துல கை தவறிப்போச்சு.”

பாய் சிரித்துக்கொண்டே ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவி, பழைய ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார். “இனிமேலு மஞ்சள ஊட்டுலயே வெச்சுக்கோங்க அம்மணி” என்று என்னிடம் சொன்னபோது அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நாகலூருக்குத் திரும்பினோம். குமிழை இழுத்தேன். சூடு வந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! பாதத்திலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து வயிறு. அதோடு அடங்காத மஞ்சள் வாசனை. வெளியே காபிச்செடிகளின்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொருகியது. இது போன வருஷம்தான், நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

“ஏன் நீங்க போட்டதாச் சொன்னீங்க?” என்றேன்.

“ஆரு போட்டா என்ன புள்ள.”

“நான் எவ்வளவு போட்டேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“காலிப் பொட்டலத்த சீட்டுக்கடியில பாத்தேன். அன்னைக்கே.”

தூக்கம் போய்விட்டது. “அப்பறம் எதுக்குங்க தெர்மோஸ்டாட்டு, கம்பி, சாக்குன்னு மூணு மாசம் கெடந்தீங்க?”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது ஹீட்டர அடைக்கும்னு மொதல்ல எனக்குந் தெரியாது. தெர்மோஸ்டாட்டு மாத்தியும் சூடு வரலீன்னதும் சந்தேகம் வந்துச்சு. பாய்கிட்டப் போனா மஞ்சளா வரும். எங்கம்மா ஊட்டு மஞ்சளயா குத்தஞ் சொல்றீங்கன்னு நீ நிப்ப. அந்தக் கோவத்துல நெசமாவே மலையெறங்கிருவியோன்னு இருந்துச்சு. வேற எப்புடியாச்சும் சரி பண்ணிரலாமுன்னு பாத்தேன்.”

இப்படியும் ஒரு முட்டாள்தனமா? சிரிப்பு வந்தது, கூடவே அழுகை வந்தது. “நான் எழுதிக் குடுத்துட்டனுங்க” என்றேன். “போன செவ்வாக்கெழமையே சேலத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன்.”

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவு போனது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“செரி” என்றார். “அங்கயாச்சும் உனக்குக் குளுராது, கண்ணு.”

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த வெதுவெதுப்புக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். எனக்கு வேண்டியிருந்தது சூடு இல்லை, இந்த மனிதர்தான் என்பதை அவரிடம் சொன்னேனா, இல்லை மனதுக்குள் நினைத்ததோடு சரியா, அது மட்டும் ஞாபகமில்லை. போகமாட்டேன் என்று சொன்னது நன்றாக ஞாபகமிருக்கிறது.

ஆர்டர் வருவதற்குள் இருவரில் ஒருவர் வேண்டாமென்று எழுதினால் போதும், மனு அதோடு தீர்ந்தது. திங்கட்கிழமை காலை உட்கார்ந்ததும் அதை எழுதி மேலே அனுப்பிவிட்டு, சேலம் ஓட்டையில் ஒயரைச் செருகினேன். அந்தக் குரல் எனக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டது.

“அக்கா, நேத்து கடவீதிக்குப் போயி ஸ்வெட்டர் எடுத்தனுங்க. ரோஸ் கலரு. கடக்காரரு சிரிக்கிறாரு, சேலத்துல ஆரும்மா இதக் கேக்கறாங்கன்னு. ஊட்டுல போட்டுப் பாத்தேன், ஒரு நிமிசம் தாங்கல, நொம்பப் புழுக்கம்.” அவள் சிரித்தாள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஹீட்டர், மஞ்சள், வீட்டுக்காரர் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பி, மன்னிப்பும் கேட்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பலகையில் ஒரு விளக்கு எரிந்தது, யாரோ அழைப்புக்குக் காத்திருந்தார்கள். நான் எடுக்கவில்லை.

“அதுக்கென்னங்க” என்றாள் கடைசியில். “உங்க ஊட்டுல நல்லா இருந்தாச் செரி.”

அந்தக் கோடையில் சேலத்து வெயிலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவள் மட்டும் பேசவில்லை. லைன் கேட்டால் உடனே கொடுத்தாள், ஒரு நாளும் தாமதித்ததில்லை. அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டு, மேடம் என்று கூப்பிட்டாள்.